வாசற்படியைக் கொண்டு வீட்டின் வயதைக் கணித்தல்: பல்லாவரம் முதல் முடிச்சூர் வரை

1863 மே 30 அன்று இராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால ஆய்வு அங்கிருந்துதான் தொடங்குகிறது. மனிதன் கல்லைச் செதுக்கிய காலத்தைப் பற்றி அந்த ஊர் இவ்வளவு சொல்லியும், அதே ஊரின் குறுக்குத் தெருக்களில் நிற்கும் வீடுகளின் வயதைக் காண ஒரு முறை இன்றுவரை வகுக்கப்படவில்லை. பத்திரத்தைப் பார்க்கலாமே என்பார்கள். பத்திரம் மனையின் வரலாறு. அது வீட்டைப் பற்றி வாய் திறக்காது. வீட்டுக்காரரைக் கேட்டாலோ, வரி கட்டும் நாளில் ஒரு வயது, விற்கும் நாளில் வேறொரு வயது. யாரையும் கேட்காமல், காலிங் பெல்லைக்கூட அழுத்தாமல், தெருவில் நின்றபடியே வயதைச் சொல்லிவிடலாம் என்பதே இக்கட்டுரையின் துணிபு. வாசற்படியை எண்ணினால் போதும். அது ஏறுபடியா இறங்குபடியா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுக்குகளில் கீழே கிடப்பது பழையது, மேலே இருப்பது புதியது என்று 1669இல் நீக்கோலஸ் ஸ்டெனோ வகுத்தார். சென்னையின் தென்புறநகர் இவ்விதிக்குத் தன் உழைப்பால் உரை எழுதி வருகிறது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுத் தார். பாதாளச் சாக்கடைக்குத் தோண்டினால் மூடிய மேட்டின்மேல் மீண்டும் ஜல்லி. ஐந்தாண்டுக்கு ஒருமுறை இரண்டு அங்குலம் என்று வைத்துக்கொண்டால் முப்பதாண்டில் சாலை ஓரடி ஏறுகிறது. ஒரு படியின் உயரம் ஆறு அங்குலம். ஆகவே பதினைந்தாண்டுக்கு ஒரு படி. மண் தெரு முதன்முதலில் கப்பிச் சாலையானபோது விழுங்கிய ஒரு படியையும் சேர்த்தால், முப்பதாண்டுக்கு முன் இரண்டு படி ஏறிப் புகுந்த வீட்டுக்குள் இன்று ஒரு படி இறங்கிப் போக வேண்டும். எதிர்மனையில் புதிதாகக் கட்டுபவர் இந்த வீட்டைப் பார்த்துத்தான் தன் பேஸ்மென்ட்டை முடிவு செய்கிறார். நான்கு படி, ஐந்து படி என்று போகிறார். 2015இல் கீழடியில் குழி வெட்டித்தான் பழைய சுவர்களைக் காண முடிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அடையாறு பெருகியபோது முடிச்சூரில் எந்தெந்த வீடு எந்த அடுக்கில் இருக்கிறது என்பதைக் குழி வெட்டாமலே தண்ணீர் காட்டிக்கொடுத்தது. அதற்குப் பின் எழுந்த அடுக்ககங்களில் கீழ்த்தளமே இல்லை, தூண்கள்தாம்; அங்கே படி எண்ணும் வேலையை லிஃப்ட் கெடுத்துவிட்டது.

படி உயரம் பணத்தைக் காட்டுமே தவிர வயதைக் காட்டாது என்று ஒரு தடை எழுப்பலாம். பணம் உள்ளவர் அன்றே உயர்த்திக் கட்டியிருப்பார் என்பது மெய்தான். அப்படி ஐயம் வந்தால் கேட்டைப் பார்க்க வேண்டும். தெருப்பக்கம் திறந்த இரும்புக் கேட் சாலை ஏற ஏற உரசும். வெல்டிங் பட்டறைக்காரர் வந்து அடியில் நாலு விரற்கடை அறுத்துவிட்டுப் போவார். அறுத்த தடம் எத்தனை என்று பார்த்தால் தார் போட்ட தடவை எத்தனை என்று தெரியும். மர வளையத்தை எண்ணி மரத்தின் வயதைச் சொல்வதைவிட இது எளிது, மரத்தை வெட்ட வேண்டியதும் இல்லை.

இதைவிடக் கடினமான தடை ஜாக்கி. நாற்பதாண்டு வீட்டின் அடியில் வரிசையாக ஜாக்கிகளைச் சொருகி, உள்ளே சாமான் இருக்கும்போதே மூன்றடி, நான்கடி தூக்கிவிடுகிறார்கள். இறங்குபடி வீடு ஒரே மாதத்தில் ஏறுபடி வீடாகி ஆய்வாளரை ஏமாற்றுகிறது. ஆனால் தூக்குபவர்கள் வீட்டை மட்டுமே தூக்குகிறார்கள். கிணற்று உறையும் துணி துவைக்கும் கல்லும் பழைய மட்டத்திலேயே கிடக்கும். கொல்லைத் தென்னையை ஜாக்கி வைத்து உயர்த்தியவர் எவரும் இல்லை. வீடு மேட்டிலும் தென்னை பள்ளத்திலும் நின்றால் தென்னையையே நம்ப வேண்டும்.

பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதுத் தார் போட வேண்டும் என்று 2021இல் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு உத்தரவிட்டது இத்துறைக்கு நேர்ந்த பேரிடர். அது எல்லாத் தெருவிலும் எழுத்துப் பிசகாமல் நிறைவேறினால் வீடுகள் வயது ஏறாமல் நின்றுவிடும், ஆய்வுக்கு இடமிருக்காது. உட்தெருக்களைப் பார்த்தவரை உடனடியாக அஞ்சத் தேவையில்லை. இத்தனையும் ஏற்க மனமில்லாதவர்கள் சிலிண்டர் போடுபவரின் கைகளைக் கவனிக்கலாம். தோளில் ஏற்றினால் புது வீடு, படியில் உருண்டுவிடாமல் பின்னால் இழுத்துப் பிடித்தால் பழைய வீடு. ரசீதுக்கு மேல் அவர் கேட்கும் தொகை மட்டும் இரண்டு வீட்டிலும் ஒன்றே என்பதால், அதைக் கொண்டு எதையும் கணிக்க முடியவில்லை.