குரூசரில் கால் நீட்டக் கம்பி வாங்கும் அண்ணைமாருக்கு

சுவிஸ் பேர்ன் நகரின் பூம்ப்ளிஸில் குரூசர் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர் முதலில் தேடவேண்டியது கம்பியை அல்ல, கால் நீட்டக்கூடிய ரோட்டை. வாசலைத் தாண்டினால் முப்பதுக்கு மேல் ஓடக்கூடாத தெரு. அதையும் தாண்டினால் 2010 டிசம்பரில் வந்த டிராம் தண்டவாளம். மழைநாளில் அதைச் சரிவாகக் கடந்தால் சில்லு வழுக்கும். அந்த நேரம் உங்கள் கால்கள் முன்னால் ஒய்யாரமாகக் கிடப்பது அழகில்லை.

நீங்கள் கேட்கப்போவதில்லை, தெரியும். ரெஸ்ரோரண்ட் குசினியில் இத்தனை வருடம் நின்ற முழங்கால், சாய்மனைக் கதிரையில் போட்டதுபோல ஒரு நீட்டல் கேட்கிறது. நியாயந்தான்.

சரி, அளவுநாடாவை எடுங்கள். கம்பி பூட்டுவது எஞ்சினுக்கு முன்னாலுள்ள கிராஷ் கார்ட் குழாயில். அந்தக் குழாயின் விட்டம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். நண்பரின் ஹார்லியில் 32 மில்லிமீட்டர் கவ்வி கச்சிதமாக இருந்தது என்பதற்காக, சென்னையில் பிறந்த உங்கள் மீட்டியோர் 350-க்கும் அதையே வாங்கிவிடாதீர்கள். தளர்ந்த கவ்வி மெல்லச் சுழலும்; கூடவே காலும் இறங்கும். வண்டியில் ஏறி, கண்ணை மூடிக் காலை நீட்டுங்கள். குதி எங்கே நிற்கிறதோ அங்கே மகன் சோக்கால் கோடு போடட்டும். அவன் சிரிப்பதைக் கவனிக்கவேண்டாம். கம்பி மேல்நோக்கி மடங்குவதாக இருக்கட்டும். வளைவில் சாயும்போது தரையில் இடித்தால், மடங்காத கம்பி வண்டியையே தூக்கிவிடும். ரப்பர் உறை போட்டது நல்லது, ஒற்றைச் சிலிண்டரின் அதிர்வு பாதத்துக்கு அவ்வளவாக ஏறாது. நிக்கல் பூச்சு மினுங்குவது படம் எடுக்க மட்டும்.

இனி ரோடு. ஃப்ரிபூர் போகும் ஏ12 நெடுஞ்சாலை பக்கத்தில் தோதானது. அங்கே 120-இல் ஓடும்போது, காலைத் திரும்ப எடுத்துப் பின்பிரேக்கில் வைக்க அரை விநாடி ஆனாலும் வண்டி கிட்டத்தட்ட பதினேழு மீட்டர் போய்விடும். ஆகவே ஒரு கால்தான் நீட்டலாம் என்றால் இடதுகால். பூட்டுமுன் ஷெர்மென்வேக்கிலுள்ள வாகன அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். பூட்டியபின் கேட்டால், கழற்றுவது எப்படி என்று நான் இன்னொரு கட்டுரை எழுதவேண்டிவரும்.

கோயிலுக்குப் போகும்போது மட்டும் கம்பியை மடித்துவிடுங்கள். சாமிக்கு நேரே கால் நீட்டக்கூடாது என்பது உங்கள் அம்மா சொன்னதுதான். 2014-இல் திறந்த யூரோப்பாபிளாட்ஸ் சமயங்களின் இல்லத்தில் நம் சிவனோடு ஐந்து சமயத்தாருக்கு வழிபாட்டிடம் உண்டு. வாசலில் ஒருமுறை நீட்டினால் ஐந்துபேருக்கும் சேர்த்து நீட்டியதாகும்.