வாசலுக்கு வரும் பேய்களுக்கு என்ன கொடுப்பது?

எடிசன், நியூ ஜெர்சி
3 நவம்பர் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

தீபாவளியன்று போனில், "வாசலுக்குப் பிள்ளைகள் வந்தால் நான் அனுப்பின கடலைமிட்டாயைக் கொடேன், கோவில்பட்டிச் சரக்கு" என்றீர்கள். ஏன் கொடுக்க முடியாது என்பதைச் சாவகாசமாக எழுதுகிறேன் என்றேன். இதோ.

அக்டோபர் 31 இங்கே ஹாலோவீன். பிள்ளைகள் பேயாகவும் எலும்புக்கூடாகவும் ஸ்பைடர்மேனாகவும் வேஷம் கட்டி, அந்தி சாய்ந்ததும் வீடு வீடாக மணியடிப்பார்கள். நாம் மிட்டாய் போட வேண்டும். வாசல் விளக்கு எரிந்தால் வரலாம், அணைந்திருந்தால் தாண்டிப் போகலாம் என்பது எழுதாத சட்டம். மிட்டாய் வாங்காதவர்கள் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருப்பார்கள். இந்த வருஷம் தீபாவளியும் அதே நாளில் வந்து தொலைத்ததால் எங்களுக்கு அந்த வழியும் அடைபட்டது. படியெல்லாம் அகல் வரிசை. இவ்வளவு வெளிச்சம் போட்டு அழைக்கிற வீட்டைப் பேய்கள் விடுமா?

ஊர்க் கல்யாணங்களுக்கெல்லாம் சரக்குப் பட்டியல் போட்டவர் நீங்கள். இந்தப் பட்டியல் உங்களையே திணறடிக்கும். முதல் சிக்கல் வேர்க்கடலை. அது ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் இங்கே நிறைய. சிலருக்கு ஒரு துணுக்கு உள்ளே போனாலே மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான். ஆனால் வேடிக்கையைப் பாருங்கள், பிள்ளைகள் அடித்துப் பிடித்துக்கொள்வது ரீஸஸ் என்ற சாக்லேட்டுக்கு. அதற்குள் இருப்பது சர்க்கரை சேர்த்து அரைத்த வேர்க்கடலை! உங்கள் சரக்குக்கு ஒன்றுவிட்ட தம்பி. தம்பி போகலாம், அண்ணன் போகக்கூடாது. தம்பி கம்பெனித் தாளுக்குள் ஒட்டி மூடப்பட்டு வருகிறான். என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று முதுகில் அச்சடித்திருக்கிறது. அண்ணன் பட்டர் பேப்பரில் ரப்பர் பேண்டு போட்டு வந்திருக்கிறான்.

கையால் செய்தது, தாள் பிரிந்தது எதுவானாலும் வீட்டுக்குப் போனதும் பெற்றோர் குப்பையில் போட்டுவிடுவார்கள். உங்கள் மருமகள் பாகுபதம் பார்த்துச் சுட்ட அதிரசத்துக்கும் அதே கதிதான். யாரோ விஷம் வைத்துவிடுவான் என்ற பயம். ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியல் பேராசிரியர் பல வருஷத்துப் பத்திரிகைச் செய்திகளைத் துருவிப் பார்த்தார். முகம் தெரியாத ஒருவர் கொடுத்த ஹாலோவீன் மிட்டாயால் பிள்ளை செத்ததாக உறுதியான ஒரு சம்பவம்கூட அவருக்கு அகப்படவில்லை. 1974-இல் டெக்சாஸில் எட்டு வயதுப் பையன் ஒருவன் சயனைடு கலந்த மிட்டாய்ப் பொடி தின்று இறந்தது உண்மை. வைத்தவன் இன்ஷூரன்ஸ் பணத்துக்கு ஆசைப்பட்ட பெற்ற அப்பன். ஆனாலும் சந்தேகம் என்னவோ அடுத்த வீட்டு அதிரசத்தின் மேல்தான். இது அநியாயம் என்று நான் சொன்னால் எங்கள் தெருவில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

சரி, கடலை இல்லாததாக வாங்கலாம் என்றால் அடுத்தது ஜெலட்டின். மாட்டின் தோலிலும் எலும்பிலும், பன்றித் தோலிலும் எடுப்பது. இழுத்தால் ரப்பராக வரும் மிட்டாய்களில் பெரும்பாலும் அதுதான். சோளமணி வடிவில் வெள்ளை, ஆரஞ்சு, மஞ்சள் என்று மூன்று நிறத்தில் ஒரு மிட்டாய் உண்டு, பெயர் கேண்டி கார்ன். 1880-களிலிருந்து செய்கிறார்கள். பார்க்க அவ்வளவு சாது, அதிலும் ஜெலட்டின். எங்கள் தெருவில் பாதி குஜராத்திக் குடும்பங்கள், சுத்த சைவம். எதிர்வீட்டுப் பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாக்கெட்டின் முதுகை அரிச்சுவடி மாதிரி எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டுத்தான் பேரன் கையில் தருவார்.

தின்பண்டமே வேண்டாம் என்பவர்கள் மயில்கழுத்து நிறம் அடித்த பூசணிக்காயை வாசலில் வைக்கிறார்கள். 2014-இல் உணவு ஒவ்வாமைக்காரர்களுக்கான ஓர் அமைப்பு நாடு முழுக்கப் பரப்பிய வழக்கம். இங்கே பென்சில், ஸ்டிக்கர் மாதிரி ஏதாவது கிடைக்கும் என்று அர்த்தம். நல்ல யோசனைதான். ஆனால் ஒவ்வாமை இல்லாத பயல்கள் பென்சிலைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே! உலர்திராட்சையும் பல்துலக்கியும் கொடுக்கும் வீடுகளுக்கு இதைவிடக் கெட்ட பெயர்.

அளவிலும் கௌரவம் உண்டு. எல்லோரும் கொடுப்பது விரல் நீளச் சாக்லேட். எவராவது கடையில் விற்கும் முழு அளவைக் கொடுத்துவிட்டால் போச்சு, பத்து நிமிஷத்தில் தெரு முழுக்கத் தகவல் பரவிவிடும். சின்னதுகள் பிளாஸ்டிக் பூசணிக்காயோடு வரும். மீசை அரும்பியவர்கள் வேஷம்கூடப் போடாமல் தலையணை உறையோடு வருவார்கள்.

நீங்கள் வியாபாரி, இதை ரசிப்பீர்கள். முன்பெல்லாம் இங்கே குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளுவது அக்டோபர் கடைசி ஞாயிறு. 2007 முதல் அதை நவம்பர் முதல் ஞாயிறுக்கு, அதாவது இன்றைக்கு, மாற்றிவிட்டார்கள். இப்படி மாற்றச் சொல்லி வாதாடியவர்களில் மிட்டாய்க் கம்பெனிகளும் உண்டு. ஹாலோவீன் மாலையில் ஒரு மணி நேரம் வெளிச்சம் கூடுதல், அவ்வளவும் விற்பனை. சூரியனையே கல்லாவில் உட்கார வைத்துவிட்டார்கள், மாமா.

கடைசியில் நாங்கள் காஸ்ட்கோ என்ற மொத்தவிலைக் கடையில் 150 உருப்படி கொண்ட மூட்டை ஒன்று வாங்கினோம். கடலை இல்லாதவற்றைப் பொறுக்கித் தனிக் கிண்ணத்தில் வைத்துச் சமாளித்தாயிற்று. இன்னொன்றும் சொல்ல வேண்டும். நவம்பர் முதல் தேதி பிறந்ததும் இங்கே கடைகளில் மிச்சச் சாக்லேட்டைப் பாதி விலைக்குத் தள்ளிவிடுவார்கள். ஊருக்கு வரும்போதெல்லாம் "ஃபாரின் சாக்லேட்" என்று அத்தை அக்கம்பக்கத்துக்குப் பெருமையாகக் கொடுப்பது அந்தச் சரக்குதான். இந்தத் தடவையும் வாங்கிவிட்டேன், ஜனவரியில் கொண்டுவருகிறேன். அத்தையிடம் விலையைச் சொல்லிவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகன்