அணைக்கட்டு பதில்கள்

எழுத்தாளரை அரசாங்கம் ஒடுக்கிய கதையை யாராவது ஆவணப்படமாக எடுத்திருக்கிறார்களா?
*– வாசகர், சேத்தியாத்தோப்பு குறுக்கு ரோடு*

அம்ஷன் குமாரின் 'சுப்பிரமணிய பாரதி' இருக்கிறதே, 1999இல் வந்தது. நமக்குப் பக்கத்துச் சங்கதிதான். 1908இல் புதுச்சேரிக்குப் போன பாரதியை, 1918 நவம்பரில் எல்லை தாண்டியதும் பிடித்துக் கடலூர்ச் சிறையில் போட்டார்கள். வடலூர் பஸ்ஸில் ஏறினால் நாம் ஒன்றரை மணி நேரத்தில் போகிற ஊர். அவர் போய்ச்சேர பத்து வருஷம்.

தடை செய்கிற அளவுக்கு பாரதி என்னதான் எழுதினார்?
*– வாசகி, புவனகிரி*

வெடிகுண்டு செய்முறை இல்லை. 'கனவு' அவர் தன் கதையைச் சொன்னது. பிள்ளைக் காதலும் உண்டு, இங்கிலீஷ் படிப்பின் மேல் எரிச்சலும் உண்டு. 'ஆறில் ஒரு பங்கு' காதல் கதைக்குள் தீண்டாமையைச் சாடியது. 1911இல் இரண்டுக்கும் தடை. அவர் செத்து ஏழு வருஷம் கழித்து, 1928இல் பாட்டுப் புத்தகங்களையும் அள்ளிக்கொண்டு போனார்கள். ஆளைத்தான் இனிப் பிடிக்க முடியாதே!

வெள்ளைக்காரன் போய்விட்டான். இப்போது புத்தகத்துக்குச் சென்சார் உண்டா?
*– வாசகர், குறிஞ்சிப்பாடி*

அச்சடிக்குமுன் யாரிடமும் காட்ட வேண்டாம். வேலை வேறு வழியில் நடக்கும். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010இல் வந்தது. நாலு வருஷம் யாருக்கும் நோகவில்லை. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் நொந்தது, புத்தகம் எரிந்தது. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல் கலெக்டர் ஆபீசில் 'சமாதானக் கூட்டம்'. வாய்க்கால் தகராறுக்குப் போடுகிற அதே கூட்டம்தான்: மேசை, காகிதம், பேனா. நிபந்தனையற்ற மன்னிப்பு என்று எழுத்தாளரிடமே கையெழுத்து வாங்கினார்கள். எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று முகநூலில் அறிவித்துவிட்டு அவர் ஒதுங்கிக்கொண்டார்.

பாரதியைத் தடுத்த துரை, தடையாணையில் தன் கையெழுத்தைப் போட்டான். மோதுவதற்கு ஒரு காகிதமாவது இருந்தது. எனக்கென்னவோ துரையே தேவலை.

கலெக்டர் ஆபீசில் வாங்கிய அந்தக் கையெழுத்து செல்லுமா?
*– வாசகர், ஸ்ரீமுஷ்ணம்*

செல்லாது. எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் வழக்குப் போட்டார். 2016 ஜூலை 5இல் சென்னை உயர் நீதிமன்றம், அந்த உடன்பாடு யாரையும் கட்டுப்படுத்தாது, எழுத்தாளர் உயிர்த்தெழுந்து எழுதட்டும் என்றது. எழுந்து வந்தவர் எழுதியது ஒரு வெள்ளாட்டின் கதை, 'பூனாச்சி'. ஆட்டுக்கு மனம் புண்பட்டால் ஊர்வலம் போகாது. அதிலும் ஆட்டுக்குக் காது குத்த ஜனங்கள் சர்க்கார் வாசலில் வரிசையில் நிற்கிறார்கள், படித்துப் பாருங்கள்.

இந்த 'மாதொருபாகன்' விவகாரத்தை நான் ஆவணப்படமாக எடுக்கலாமா?
*– கல்லூரி மாணவி, பின்னலூர்*

தாராளமாக எடம்மா. பொதுவில் காட்டத்தான் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். புத்தகத்துக்கு இல்லாத வாரியம், அந்தப் புத்தகத்தைப் பற்றிய படத்துக்கு உண்டு! எழுத்தாளர் கே.ஏ. அப்பாஸ் நான்கு நகரங்களைப் பற்றி எடுத்த ஆவணப்படத்தோடு உச்ச நீதிமன்றம் வரை போனார். படத்துக்கு முன்தணிக்கை சரிதான் என்று 1970இல் தீர்ப்பு. நம் வெள்ளாற்று அணைக்கட்டை நினைத்துக்கொள். புத்தகம் மழை, பெய்த பிறகுதான் குடை தேடுவார்கள். படம் ஆற்றுத் தண்ணீர், ஷட்டர் தூக்கினால்தான் வரும். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தையும் 2021இல் கலைத்துவிட்டார்கள். ஷட்டர் மாட்டிக்கொண்டால் நேரே ஹைகோர்ட்டுதான்.

உங்கள் பதிலை ஆசிரியர் வெட்டியது உண்டா?
*– வாசகர், ஒரத்தூர்*

இந்தப் பதில் முதலில் ஆறு வரி.