மச்சானும் முத்திரைத்தாளும்

கேள்வி: மச்சானோடு சேர்ந்து பனியன் யூனிட் போடுகிறேன். "சொந்தத்துக்குள்ளே எதுக்கு மாப்ளே டீட்?" என்கிறாரே? (திருப்பூர் வாசகர்)

பதில்: நீங்கள் எழுதாவிட்டால் என்ன, 1932-லேயே வெள்ளைக்காரன் எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டான். இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், 13-வது பிரிவு. நீங்கள் 30 லட்சமும் மச்சான் 3 லட்சமும் போட்டிருந்தாலும், வேறு பேச்சு இல்லையென்றால் லாபம் சரிபாதி. நஷ்டமும் அப்படியே. காலையில் ஷட்டரைத் தூக்குவதிலிருந்து ராத்திரி கட்டிங் மாஸ்டரோடு மல்லுக்கட்டுவது வரை நீங்களே பார்த்தாலும், சம்பளம் என்று சல்லிக்காசு கேட்க முடியாது. பேசிய முதலுக்கு மேல் அவசரத்துக்குப் போடும் கைக்காசுக்கு ஆண்டுக்கு 6 சதவீத வட்டி உண்டு. ஃபைனான்ஸ்காரர் காதில் விழுந்தால் சிரிப்பார். இதையெல்லாம் உங்கள் இஷ்டப்படி மாற்றிக்கொள்ளலாம். வாய்ப்பேச்சும் சட்டப்படி செல்லும். ஆனால் சண்டை வந்தபிறகு பேசியது உங்களுக்கு ஒரு மாதிரியும் மச்சானுக்கு வேறு மாதிரியும் ஞாபகம் வரும். யார் செக்கில் கையெழுத்து, யாருக்கு எவ்வளவு சம்பளம், விலகினால் கணக்கு எப்படி, மூன்றையும் எழுதுங்கள். அக்காவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்!

கேள்வி: டீட் இருக்கிறது. ஃபர்மைப் பதிவு செய்யாதது குற்றமா? (ஈரோடு)

பதில்: இல்லை. ஆனால் சரக்கெடுத்தவர் பாக்கியை ஏமாற்றினால் ஃபர்ம் பெயரில் கோர்ட்டுக்குப் போக முடியாது. அவர் உங்கள்மேல் தாராளமாகப் போடலாம்! 100 ரூபாய்க்கு மேற்படாத சில வழக்குகளுக்கு மட்டும் விலக்கு. வக்கீலுக்கு டீ வாங்கிக் கொடுத்தால் சரியாகிவிடும்.

கேள்வி: நான் ஸ்லீப்பிங் பார்ட்னர். கடனுக்கும் எனக்கும் சம்பந்தம் உண்டா? (கரூர்)

பதில்: நன்றாகத் தூங்குங்கள். ஃபர்ம் கட்டாத கடனுக்கு உங்கள் வீட்டுக் கதவைத் தட்டி பேங்க்காரர்களே எழுப்புவார்கள். பொறுப்புக்கு வரம்பு வேண்டுமென்றால் 2008-ல் வந்த எல்எல்பி சட்டத்தின் பக்கம் போங்கள்.

கேள்வி: "ஒருவர் காலமானாலும் தொழில் தொடரும்" என்று எழுதியிருக்கிறோம். போதும்தானே? (சிவகாசி)

பதில்: எத்தனை பேர் நீங்கள்? இரண்டே பேர் என்றால் அந்த வரி பலிக்காது. மிஞ்சுகிற ஒருவர் யாரோடு கூட்டு சேர்வார்? ஃபர்ம் அன்றே கலைந்துவிடும். இப்போதே 5 சதவீதம் கொடுத்தாவது மூன்றாவதாக ஒருவரைச் சேருங்கள். வெளியாள் வேண்டாமென்றால் சம்சாரத்தைச் சேர்க்கலாம். எப்படியும் கல்லாச் சாவி அவரிடம்தானே இருக்கிறது?