ஓட்டு கேட்டு வந்த தம்பிக்கு

வா தம்பி, திண்ணையில உக்காரு. நோட்டீஸைக் கொடு, பாப்போம். அடேயப்பா! 'பருவநிலை மாற்றத்தைத் தாங்கும் ஊராட்சி'. போன தடவை நின்னவன் தெருவிளக்கோட நிறுத்திக்கிட்டான். நீ ஜெயிச்சா மழையே உன் கையெழுத்து வாங்கிட்டுத்தான் பெய்யும்போல.

பேருதான் புதுசு, வேலை பழசு. 1992ல அரசியல் சட்டத்தைத் திருத்தினப்பவே ஊராட்சிக்குன்னு 29 வேலையைப் பட்டியல் போட்டுட்டான். சிறுபாசனம், சமூகக் காடு எல்லாம் அதுல இருக்கு. அதையெல்லாம் படிச்சா ஓட்டு விழாது. ஜெயிக்கிற வழியைப் பெரியப்பா சொல்றேன், கேளு.

மரம் நடு. புதுசாக் குழி வெட்டாதே, வீண் செலவு. போன வருசம் நட்ட குழி காலியாத்தான் கிடக்கு. தென்னையா நடு. 2018ல கஜா புயல் அடிச்சப்ப பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தோப்பு தோப்பாச் சாஞ்சது தென்னை, நின்னது பனை. ஆனா பனை பலன் தரப் பத்துப் பதினஞ்சு வருசமாகும். தென்னை அஞ்சுல காய்ச்சிடும், உன் பதவியும் அஞ்சு வருசம்தான்.

வடிகால் வாய்க்காலை வெயில் காலத்துல தூர் வாரிடாதே. ஐப்பசி வரட்டும், தண்ணி தெருவுக்குள்ள ஏறட்டும். அப்புறமா ஜேசிபியோட வா. வெள்ளத்தை வராமத் தடுத்தவனுக்கு எந்த ஊர்ல மாலை போட்டான்? வந்த பிறகு சோத்துப் பொட்டலம் கொடுத்தவனுக்குத்தான் மாலை.

கிராம சபை வருசத்துக்கு ஆறு தடவை. மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள்லயும் கூட்டணும். கையெழுத்து நோட்டை வீட்டுக்கு வீடு அனுப்பிடு. சனத்துக்கு நடக்கிற சிரமமில்ல, உனக்குக் கேள்வியில்ல.

ஒரே ஒரு இடத்துப் பக்கம் மட்டும் போயிடாதே: உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்துல, கி.பி. 919லயும் 921லயும், கோயில் சுவத்துல தேர்தல் சட்டம் வெட்டி வச்சிருக்கான். ஏரியைப் பாத்துக்கத் தனியா ஏரி வாரியம், ஆளைத் தேர்ந்தெடுக்கக் குடவோலை. நிலம் வேணும், வேதம் படிச்சிருக்கணும்னு நிபந்தனை; உன்னையும் என்னையும் குடத்துப் பக்கமே விட்டிருக்க மாட்டான். ஆனா ஒரு விதி இருக்கு பாரு. வாரியத்துல இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி நிக்கக்கூடாது. அவன் மட்டுமில்ல, அவன் மாமனார், மச்சான், மருமகன், சித்தி மகன் யாருமே நிக்கக்கூடாது. அந்தச் சட்டம் இப்ப இருந்தா நம்ம ஊர்ல வேட்பாளரைப் பக்கத்து ஊர்லேருந்துதான் கூட்டிட்டு வரணும்.

ஏன் தம்பி முகம் சுருங்குது? மாமனார் ஞாபகம் வந்துடுச்சா? வாய்க்கால் வெட்டுன கணக்கு இன்னும் அவர் பெட்டிக்குள்ளதானே தூங்குது?

என் ஓட்டு உனக்குத்தான், சந்தேகமே வேண்டாம். அந்தக் கணக்கு நோட்டை மட்டும் கிராம சபையில கொண்டாந்து விரி. ஐப்பசிக்கு முன்ன முடியலைன்னாலும் பாதகமில்ல. பொட்டலம் கட்டும்போது எனக்கு மட்டும் தயிர்சாதமா வை. இந்த வயசுல புளிசாதம் ஒத்துக்க மாட்டேங்குது.