வாயு மூலை

போன ஞாயிற்றுக்கிழமை மச்சினர் வந்திருந்தார். சாப்பாடு முடிந்ததும் வெற்றிலை போட்டுக்கொண்டே வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனார். வடமேற்கு மூலையில், செப்டிக் டேங்க் மூடிக்குப் பக்கத்தில் நின்று, இடுப்பில் கை வைத்து, மேலும் கீழும் பார்த்தார்.

"இந்த இடம் சும்மாதானே கிடக்கு மாமா? காசே செலவில்லாம நாலு செடி வைக்கலாமே!"

அவர் நின்றுகொண்டிருந்தது தோட்டத்தின் நடுவில்.

இதை எழுதுகிறவர் அந்த மூலையைச் சீர்படுத்தத் தொடங்கி ஒரு மழைக்காலமும் ஒரு கத்திரியும் கடந்துவிட்டன. வாளிகள் இருந்தன, வாளிக்குள் செடிகள் இருந்தன, சுவரில் ஒரு கொடிகூட ஏறிக்கொண்டிருந்தது. மச்சினரின் வலது செருப்பு ஒரு கற்பூரவல்லியின் மேல் இருந்தது. அவர் வீட்டுக்காரம்மாவின் தம்பி. அந்த இடத்தில் பதில் சொல்ல வாய்ப்பில்லாததால் விஷயம் பத்திரிகைக்கு வருகிறது.

'சும்மாதானே' என்பதைக்கூட மன்னிக்கலாம். 'காசே செலவில்லாம' என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஆயிரம் ரூபாய்க்குள் முடிக்க வேண்டும் என்று வீட்டில் தீர்மானம் நிறைவேறித் தொடங்கிய வேலை இது. உண்மையில் எவ்வளவு ஆனது என்ற கணக்கு, பைசா சுத்தமாக, கட்டுரையின் கடைசியில் தரப்படும்.

மூலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அரை கிரவுண்டில் கட்டிய எந்த வீட்டிலும் அது உண்டு. ஒரு பக்கம் காம்பவுண்டுச் சுவர், மறுபக்கம் குளியலறைச் சுவர், நடுவே நாலடி. மீந்துபோன டைல்ஸ், அரை மூட்டை ஜல்லி, 'என்றைக்காவது ஆகும்' என்று எடுத்துவைத்த பழைய வாஷ்பேசின் எல்லாம் அங்கேதான் குடியிருக்கும். வாஸ்து பார்க்கிறவர்கள் ஈசானி மூலையைச் சாமிக்கும், அக்னி மூலையை அடுப்புக்கும், கன்னி மூலையை பீரோவுக்கும் ஒதுக்கிவிட்டார்கள். மிச்சமிருந்த வாயு மூலைக்குச் செப்டிக் டேங்க் வந்து சேர்ந்தது. பொருத்தமில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

வெயில்தான் பெரிய சிக்கல். சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 டிகிரியில் இருக்கிறது. ஆகஸ்ட் பிற்பாதியிலிருந்து ஏப்ரல் மூன்றாம் வாரம் வரை உச்சிவேளைச் சூரியன் நமக்குத் தெற்கேதான் நிற்கும். வடக்கு மூலைக்கு மாடி வீட்டின் நிழல் மட்டுமே மிஞ்சும். ஏப்ரல் கடைசியில் சூரியன் தலைக்கு நேரே வந்து, வடக்கே தாண்டிப் போய், ஆகஸ்ட் நடுவில்தான் திரும்புகிறது. ஆக, வருஷத்தில் ஏறக்குறைய 8 மாதம் பாசி பிடிக்கிற நிழல். மீதி 4 மாதம் வெயில், அதுவும் சரியாகக் கத்திரியில் ஆரம்பித்து. நிழலுக்கென்று வாங்கிய செடி மே மாதம் கருகும். வெயிலுக்கென்று வாங்கியது நவம்பரில் அழுகும்.

ஆங்கிலத் தோட்டப் புத்தகங்களில் வடக்குப் பார்த்த மூலைக்குத் தனி அத்தியாயமே இருக்கிறது. பெரணி வையுங்கள், பாசியை ரசியுங்கள் என்பார்கள். லண்டன் 51 டிகிரியில் இருக்கும் ஊர். அங்கே உச்சிவேளைச் சூரியன் வடக்குப் பக்கம் எட்டிப் பார்ப்பதே கிடையாது. அந்த ஊர் நிழலை நம்பலாம். அதை அப்படியே தமிழில் எடுத்துப்போட்டு 'நிழல் மூலைக்குப் பத்து செடிகள்' என்று எழுதுகிறவர்களை, மே மாதம் மத்தியானம் இரண்டு மணிக்கு, செருப்பில்லாமல் இங்கே நிற்க வைக்க வேண்டும்.

மண்ணும் மண்ணாக இல்லை. வீடு கட்டி முடித்த மேஸ்திரி, உடைந்த செங்கல்லையும் காய்ந்த சிமெண்டுக் கலவையையும் இந்த மூலையில்தான் புதைத்துவிட்டுப் போயிருக்கிறார். சிமெண்டுச் சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கிவிடும். காரமான மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. நரம்பு பச்சையாக இருக்க, இலை மஞ்சளாகிக்கொண்டே வரும். போதாக்குறைக்கு டேங்க் மூடியைத் திறக்க வழி வேண்டும். ஆகவே தரையில் நடுவதற்கில்லை. நகர்த்துகிற மாதிரி ஏதாவது வேண்டும். தொட்டி விலை கேட்கப்பட்டது. கேட்டதோடு சரி.

இங்கேதான் பெயிண்ட் வாளி கதைக்குள் வருகிறது.

20 லிட்டர் பெயிண்ட் வாளியை எறிந்த தமிழன் இன்னும் பிறக்கவில்லை. அரிசி போட்டு வைக்க, துணி ஊறவைக்க, கொத்தனார் ஏறி நிற்க, கல்யாண வீட்டில் சாம்பார் சுமக்க எல்லாவற்றுக்கும் அதுதான். 2019 கோடையில் ஏரிகள் வற்றித் தெருவே லாரித் தண்ணீருக்குக் காத்திருந்தபோது, குடங்களுக்கு நடுவே நெஞ்சை நிமிர்த்தி நின்றதும் அதுதான். அப்படிப்பட்ட பொருள், பெயிண்ட் தீர்ந்த பிறகு யாருக்குச் சொந்தம்? இந்தக் கேள்விக்கு இந்த நாட்டில் எழுதிவைத்த பதில் கிடையாது.

வாளிக்குள் இருக்கும் டோக்கன் பெயிண்டருக்கு. அதில் தகராறில்லை, கம்பெனியே அவருக்காகத்தான் வைக்கிறது. சுவர் வீட்டுக்காரருக்கு. அதிலும் தகராறில்லை. வாளிதான் அந்தரத்தில் நிற்கிறது. பெயிண்டை வாங்கியவர் வீட்டுக்காரர், ரசீது அவர் பெயரில் இருக்கிறது. ஆனால் அவர் வாய் திறந்து, "காலி வாளியை அப்படி ஓரமா வைங்க" என்று சொன்ன நிமிஷம் பெயிண்டரின் முகம் மாறும். "அது எப்பவும் நாங்க எடுக்கறதுதானே சார்" என்பார். 'எப்பவும்' என்பதற்கு எதிரே ரசீது செல்லாது.

அதற்குப் பிறகு இரண்டு தரப்பும் வெளிப்படையாகப் பேசிக்கொள்வதில்லை. பெயிண்டர் ஒவ்வொரு வாளியிலும் அரை அங்குலம் பெயிண்டை மிச்சம் வைப்பார். கேட்டால், "இன்னும் காலியாகல சார், டச்சப்புக்கு வேணும்." டச்சப்பு முடியும். வாளி கழுவப் போகும். கழுவப் போன வாளி, தண்ணீர் எடுக்கப் போகும். தண்ணீர் எடுக்கப் போனது, சாயங்காலம் ஹெல்பரின் சைக்கிள் ஹாண்டிலில் தொங்கும். மூடி தனியாக, முன்னதாகவே, கிளம்பிப் போயிருக்கும். மூடியில்லாத வாளிக்குச் சந்தையில் மதிப்புக் குறைவு என்பதும், மூடி போனால் வீட்டுக்காரர் வாளியை அவ்வளவாகக் கேட்க மாட்டார் என்பதும் தொழில் தெரிந்தவர்களுக்குத் தெரியும். இந்தப் பக்கம் வீட்டுக்காரர், நிறம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கிற பாவனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வாளிகளை எண்ணிக்கொண்டிருப்பார். மார்க்கர் பேனாவால் அடியில் இனிஷியல் போட்டவர்கள் உண்டு. இதை எழுதுகிறவர் வீட்டின் பெயரையே போட்டார்.

போட்டி இரண்டு பேருக்குள் மட்டும் இருந்தால் பரவாயில்லை. வீட்டு வேலைக்கு வரும் அம்மா, அடுத்த முறை பெயிண்ட் அடிக்கும்போது ரெண்டு எனக்கு என்று முந்தின தடவையே சொல்லிவைத்திருப்பார். எதிர்வீட்டில் மாவு அரைத்து விற்கிறவர் நேராகவே வந்து கேட்பார். வீட்டுக்காரம்மாவின் அம்மா, ஊரிலிருந்து போனில், "அந்த வெள்ளை வாளி ஒண்ணு எடுத்து வைடி" என்பார். இவ்வளவு பேருக்கு நடுவில் தனக்கு ஒரு வாளியாவது தேறுமா என்று தெரியாத நிலையில்தான் ஒரு மனிதன் செடி வளர்க்கக் கிளம்புகிறான்.

தேறாவிட்டால் காயலான் கடை இருக்கிறது. வீட்டிலிருந்து பத்து இருபதுக்குப் போகிற வாளி, அங்கிருந்து நூறு ரூபாய்க்குத் திரும்பி வரும். "கைப்பிடி நல்லா இருக்கு பாருங்க" என்று கடைக்காரர் ஆட்டிக் காட்டுவார். கைப்பிடிக்குத்தான் அந்த எண்பது ரூபாய்.

இன்னொரு செய்தியையும் சொல்லிவிட வேண்டும். மொட்டை மாடி வெயிலில் வைத்தால் இந்த பிளாஸ்டிக் சில வருஷங்களில் மொறமொறத்துப் போகும். ஒரு நாள் தூக்கும்போது கைப்பிடி கையோடும் வாளி தரையோடும் பிரிந்துவிடும். புற ஊதாக் கதிர் செய்கிற வேலை. நிழல் மூலையில் அந்தக் கவலை குறைவு. எந்தச் செடிக்கும் ஒத்துவராத வாயு மூலை, வாளிக்கு மிகவும் ஒத்துவருகிறது.

அடியில் ஓட்டை போடாவிட்டால் வேர் அழுகும். அதற்கு ஸ்க்ரூ டிரைவரை கேஸ் அடுப்பில் பழுக்கக் காய்ச்ச வேண்டும். அந்த நாற்றத்தில் சமையலறையில் அன்றைக்கு நடந்த உரையாடலை இங்கே தர இயலாது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். மண்ணுக்குப் பதில் கோகோபீட், அதாவது தேங்காய் நார்த்தூள். ஐந்து கிலோக் கட்டியில் தண்ணீர் ஊற்றினால் 60 லிட்டருக்கு மேல் உப்பும். உப்புவது மட்டுமல்ல, கழுவாத நாரில் உப்பும் இருக்கும். இரண்டு மூன்று முறை அலசிப் பிழிய வேண்டும், அதற்கும் ஒரு வாளி வேண்டும். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தருகிற மாடித் தோட்டத் தளையில் பை, கோகோபீட், விதை, உயிர் உரம் எல்லாம் இருக்கிறது, நல்ல திட்டம்தான். ஆனால் விதையெல்லாம் காய்கறி. கத்தரியும் வெண்டையும் ஒரு நாளைக்கு ஐந்தாறு மணி நேரம் வெயில் கேட்கும். இந்த மூலையில் அவை பென்சில் மாதிரி உயர்ந்து, ஒரு பூ பூத்துக் காட்டிவிட்டுச் சாய்ந்துவிட்டன.

நின்றது மணி பிளாண்ட். தாகித்திக்குப் பக்கத்தில் உள்ள மூரேயா என்ற தீவு அதன் சொந்த ஊர். பூப்பதற்கு வேண்டிய ஜிப்ரலின் என்ற ஹார்மோனைச் சரிவரத் தயாரிக்க முடியாத மரபணுக் குறை அதற்கு இருப்பதாக 2016இல் ஒரு ஆய்வு வெளியானது. அது பூத்துப் பார்த்தவர்கள் மிக அபூர்வம். பூக்காத, விதை போடாத ஒரு கொடி உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது என்றால், கணுவோடு ஒடித்துப் பைக்குள் போட்டுக்கொண்ட கைகள்தான் காரணம். கேட்டு வாங்கினால் வராது, திருடினால்தான் வரும் என்று நம் ஊரில் சொல்லிவைத்தவர்கள் தாவரவியல் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும்.

இன்னொன்று கல்வாழை. குளியலறைத் தண்ணீரைக் கல்வாழைப் பாத்தியில் விட்டு நிலத்துக்குள் இறக்கும் முறையைச் சென்னையில் பல வருஷம் எடுத்துச் சொன்னவர் இந்துகாந்த் ராகடே என்ற வேதியியலாளர். சோப்புத் தண்ணீரைக் குடித்தே அது செழிக்கிறது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து மற்ற வாளிகளுக்கு ஊற்றலாம். உப்பில்லாத தண்ணீர், போர் தண்ணீரைவிட மேல். பிடிப்பதற்கு வைத்த பாத்திரத்தை, கொசுப்புழு பார்க்க வந்த பணியாளர் டார்ச் அடித்துப் பார்த்து, ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் கவிழ்த்துவிட்டுப் போனார். நியாயம்தான். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும்.

இதில் எதுவும் சும்மா வரவில்லை. நிறைந்த வாளி ஒன்று நன்றாகவே கனக்கும். பெருக்கும்போது அதை நகர்த்துகிறவர் வேலைக்கு வரும் அம்மா. நாரைப் பிழிந்தவர் வீட்டுக்காரம்மா. முதுகு பிடித்துக்கொண்டவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. 'காசே செலவில்லாம' என்கிறவர்கள் தோட்டத்தில் குனிந்து பார்த்தவர்கள் அல்ல. பெரும்பாலும் அவர்களுக்காக வேறு யாரோ குனிந்திருப்பார்கள். அந்தக் கூலியையெல்லாம் சுழி போட்டுவிட்டு, பார்த்தாயா எவ்வளவு சிக்கனம் என்று காட்டுவது கணக்கே இல்லை, ஏமாற்று.

இப்போது கணக்கு. அதற்கு முன் இந்த வியாழக்கிழமை வந்த செப்டிக் லாரியைச் சொல்லிவிட வேண்டும். அது தெரியாமல் கணக்கு புரியாது.

"மூடி எங்க சார்?" என்றார் டிரைவர். வாளிகளைக் காட்டியதும் அவர் பெருமூச்சு விட்டார். அவரும் ஹெல்பரும் எட்டு வாளிகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கேட்டுக்கு வெளியே தெருவோரம் வரிசையாக வைத்தார்கள். அதற்குத் தனிக் காசு; பேரம் இல்லை. ஹோஸை உள்ளே விட்டார்கள். லாரி போட்ட சத்தத்தில் தெருவில் நடந்த எதுவும் காதில் விழவில்லை. வேலை முடிந்து மூடியைப் போட்டுவிட்டு, செடிகளை உள்ளே எடுக்கலாம் என்று எழுதுகிறவர் கேட்டுக்கு வந்தார்.

ஆறு வாளிகள் இருந்தன. கைப்பிடி நன்றாக இருந்த இரண்டு வாளிகள் நின்ற இடத்தில், வேர்கூட அசையாமல், வாளியின் வடிவத்திலேயே கவிழ்த்துவைத்த நார்க் குவியல்கள் இரண்டு. ஒன்றின் பக்கத்தில் கற்பூரவல்லி, மிகவும் மரியாதையாகச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.