கதவாணியின் மரணம்: ஓர் ஆய்வு

‘டெட் ஆஸ் எ டோர்நெயில்’ என்பார்கள் ஆங்கிலேயர்கள். கதவில் அடித்த ஆணி மாதிரி செத்துக் கிடக்கிறதாம். ஆய்வாளனுக்கு முதல் அடியிலேயே தடங்கல். செத்தது என்றால் எப்போதாவது உயிரோடு இருந்திருக்க வேண்டுமே? டோடோ பறவையை உவமை சொல்கிறவர்கள் நியாயஸ்தர்கள். மொரிஷியஸில் அது நடமாடியதைக் கண்ணால் கண்டவர்கள் உண்டு. ஆணி எங்கே நடமாடியது?

இறந்த காலத்தையாவது கணிக்கலாம். பிரெஞ்சிலிருந்து 14ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலத்துக்கு வந்த ‘வில்லியம் ஆஃப் பலேர்ன்’ கதைப்பாட்டிலேயே ஆணி செத்துவிட்டது. அதே நூற்றாண்டில் லாங்லண்ட் என்ற கவிஞர், செயல் இல்லாத விசுவாசத்துக்கு இதே உவமையைத் தன் பாட்டில் சொன்னார். பிறகு ஷேக்ஸ்பியர். அவர் நாடகம் ஒன்றில், கிழ ராஜா போய்விட்டாரா என்று ஃபால்ஸ்டாஃப் கேட்க, பிஸ்டல் என்பவன் இந்த ஆணியைத்தான் மரணச் சான்றிதழாக நீட்டுகிறான்.

எப்படிச் செத்தது என்பதில் இரண்டு கட்சி. தச்சர் கட்சி சொல்வது: அந்தக் காலத்தில் பலகையையும் குறுக்குச் சட்டத்தையும் சேர்த்து நீள ஆணி அடிப்பார்கள். மறுபக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும் முனையை மடக்கி, மரத்தோடு மரமாக அறைந்துவிடுவார்கள். கதவு அசையாது, ஆனால் அந்த ஆணியைப் பிடுங்கி வேறு வேலைக்கு எடுக்க முடியாது. அதோடு அதன் கதை முடிந்தது. வாசல் கட்சி சொல்வது: வருகிறவர்கள் தட்டும் வளையம் போய் மோதுவது ஓர் ஆணியின் தலையில். நாள் முழுக்க மண்டையில் அடி விழுந்தால் எதுதான் பிழைக்கும்?

எனக்கு இரண்டிலும் நம்பிக்கை இல்லை. மேலே சொன்ன பழம்பாட்டு இரண்டுமே மோனையில் ஓடுபவை. ‘டெட்’டுக்குத் துணை தேடியபோது ‘டோர்’ கையில் அகப்பட்டது. கதவோடு இருந்த பாவத்துக்கு ஆணியும் மாட்டிக்கொண்டது. ஆக, இது மோனைக்காக நடந்த கொலை. நம்மூர் மேடைப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

பயன்பாடு: கிளம்பாத கார், எதை அமுக்கினாலும் எரியாத போன், கிடப்பில் போட்ட மசோதா ஆகியவற்றுக்குத் தாராளமாகச் சொல்லலாம். துக்கக் கடிதத்தில் மட்டும் வேண்டாம். பொருள் சரியாகத்தான் இருக்கும், உறவு முறிந்துவிடும்.

இத்துறையின் முன்னோடி டிக்கன்ஸ். 1843இல் வந்த ‘எ கிறிஸ்துமஸ் கேரல்’ கதையின் தொடக்கத்திலேயே, கதாநாயகன் ஸ்க்ரூஜின் கூட்டாளி மார்லி இப்படிச் செத்ததாகச் சொல்லிவிட்டு, கதையை அப்படியே நிறுத்தி, சவப்பெட்டி ஆணிதானே இதைவிடச் செத்தது என்று யோசிக்கிறார். அவ்வளவு உறுதியாகச் செத்த மார்லி ஏழு வருஷம் கழித்து முகம் காட்டுவது எங்கே? ஸ்க்ரூஜ் வீட்டுக் கதவைத் தட்டும் வளையத்தில்! திகைத்த ஸ்க்ரூஜ் கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறார். அங்கே இருந்தவை வளையத்தைப் பிடித்திருந்த திருகாணியும் நட்டும் மட்டுமே. சம்பந்தப்பட்ட ஆணி ஒன்றுகூட இல்லை.